நயினார் சார் எழுதிய தலைப்பு வரி

"மேடம், நான் அனுப்புற மெயிலை ஒருத்தரும் படிக்க மாட்டேங்காவ" என்றார் நயினார் சார்.

ஜெபக்கனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த மெயில் சார்?"

"பாத்தியளா! ஒங்களுக்கே தெரியல."

பக்கத்து சீட்டில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நயினார் சார் என்னை முறைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அல்லவா, அந்த முறைப்பு இன்னும் போகவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எந்த நோயாளி, எந்த மெஷின், எத்தனை மணி என்று அது கணக்குப் போடும். முந்தின நாள் சாயங்காலமே நோயாளியின் போனுக்கு மெசேஜும் அனுப்பிவிடும்.

சங்கரநயினார் சாருக்கு வயது நாற்பத்தைந்து. வாத்தியார் வேலை அலுத்துப்போய், கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் ஜெபக்கனி. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு அவள்தான், சீடர் இவர்தான். இவர் அவளை மேடம் என்பார், அவள் இவரை சார் என்பாள்.

நானும் ஜெபக்கனியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவளுக்கு அறிவு வந்தது, எனக்குத் தொப்பை வந்தது. கிடக்கட்டும்.

நயினார் சார் சொன்னது கமிட் மெயிலை. எங்களில் யார் மென்பொருளில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தாலும், 'இன்னது மாறியிருக்கிறது' என்று எங்கள் எல்லாருக்கும், முதலாளிக்கும் மையத்து டாக்டர்களுக்கும்கூட, தானாகவே ஒரு மெயில் போகும். அதை அனுப்புகிற நிரல் நயினார் சாரின் பொறுப்பு. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரே தலைப்புதான். 'கமிட் அறிவிப்பு.' காலையில் பத்து, மத்தியானம் பத்து. நாங்கள் எல்லாரும் அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

போன மாதம் அந்த நிம்மதி போயிற்று.

யாரோ ஒரு எண்ணை மாற்றியதில், ஏரல் பக்கத்துத் தங்கத்தாயம்மா என்ற நோயாளிக்குக் காலை நேரத்துக்குப் பதிலாகச் சாயங்கால நேரம் போய்விட்டது. அவர் சாயங்காலம் வந்து நின்றபோது அவருடைய மெஷினில் வேறு ஆள். மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் சுத்தமாகாமல் ஒரு நாள் தள்ளினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தம்மா மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் ஏறி, ஐசியூவில் கிடந்து பிழைத்தார். பிழைத்தது அவருடைய புண்ணியம், எங்களுடையது இல்லை.

அந்த மாற்றத்துக்கான மெயில் முந்தின நாளே எங்கள் எல்லாருக்கும் வந்திருந்தது.

"அந்த மெயிலைத்தான் சொல்லுதேன் மேடம்" என்றார் நயினார் சார். "ஒருத்தர் படிச்சிருந்தாக்கூட அந்தம்மாவுக்கு அப்படி ஆயிருக்காது. அடுத்த தடவை பிழைக்கலேன்னா? எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு. நான் என்ன செய்யணும்?"

"தலைப்பை மாத்துங்க சார்."

"எப்படி மாத்த?"

ஜெபக்கனி மறுபடி தன் வேலையில் இறங்கிவிட்டாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆபீஸில் அவளுக்குச் சாமியாரம்மா என்று ஒரு பேர் உண்டு. வைத்தது நான்தான்.

*

இரண்டு நாள் கழித்து நயினார் சார் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"முடிச்சிட்டேன் மேடம். எல்லாத்தையும் தலைப்புலயே போட்டாச்சு. எந்தத் திட்டம், எந்தக் கிளை, யார் மாத்துனது, எத்தனை மணிக்கு, எந்தெந்த ஃபைல், எத்தனை வரி. ஒண்ணு விடல."

நான் எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டார் பேரையும் போட்டதுபோல நீண்டுகொண்டே போனது.

ஜெபக்கனி தன் போனை எடுத்து மெயிலைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

நயினார் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

'திட்டம்: டயாலிசிஸ் மைய நிர்வா…'

'திட்டம்: டயாலிசிஸ் மைய நிர்வா…'

'திட்டம்: டயாலிசிஸ் மைய நிர்வா…'

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கீழே வரைக்கும் அதேதான். போன் திரையில் அவ்வளவுதான் இடம்.

"மிச்சம் எங்க போச்சு?" என்றார்.

ஜெபக்கனி போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

*

மறுபடி வந்தார்.

"இந்தத் தடவை சுருக்கிட்டேன் மேடம். முதல்லயே ஒரு வார்த்தை. சாதாரணம், முக்கியம், மிக முக்கியம். நிரலே பாத்துப் போட்டுரும்."

"நிரலுக்கு எப்படி சார் தெரியும்?"

"எத்தனை வரி மாறியிருக்குன்னு எண்ணும். கொஞ்சம் மாறினா சாதாரணம். நிறைய மாறினா மிக முக்கியம்."

அன்றைக்குப் பார்த்து நான் ஒரு வேலை செய்திருந்தேன். பழைய ஃபைல்களில் தாறுமாறாகக் கிடந்த இடைவெளிகளை எல்லாம் ஒழுங்குபண்ணினேன். ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான வரி மாறியதாகக் கணக்கு. 'மிக முக்கியம்' என்று என் பேரில் மெயில் பறந்தது. எங்கள் முதலாளி பதறிப்போய்ப் போன் போட்டார். அவருக்கு நான் சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

ஜெபக்கனி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தங்கத்தாயம்மா நேரம் மாறுனதுல, எத்தனை வரி சார் மாறிச்சு?"

நயினார் சார் அந்தப் பழைய மெயிலைத் தேடித் திறந்தார்.

"ஒரு வரி" என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு வரிகூட இல்ல. ஒரு எண்ணு" என்றார்.

அந்த 'முக்கியம்' எல்லாம் அன்று சாயங்காலமே போய்விட்டது.

*

பிறகு அவருக்கு எளிய வழி ஒன்று தோன்றியது. மாற்றத்தைச் சேமிக்கும்போது ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுதுகிறோமே, அதன் முதல் வரியையே தலைப்பாக்கிவிட்டால் என்ன? கூடவே எழுதியவர் பேர். வேறொன்றும் வேண்டாம்.

நல்ல யோசனைதான். ஜெபக்கனியே தலையாட்டினாள்.

அடுத்த வாரம் மனுஷன் கொதித்துக்கொண்டு வந்தார்.

"என் மேல இனி தப்பில்ல மேடம். நிரல் ஒழுங்கா இருக்கு. எழுதுற ஆளுங்க சரியில்ல. இதைப் பாருங்க. 'சின்ன மாற்றம்.' இதைப் பாருங்க. 'சிறு திருத்தம்.' இந்த மகராசன் பாருங்க, 'சரி செய்யப்பட்டது.' எது சரி செய்யப்பட்டது? யாரால செய்யப்பட்டது? பரீட்சைப் பேப்பரா இருந்தா முட்டை போட்டிருப்பேன்."

அந்த மகராசன் நான்தான். குனிந்து கீ போர்டைத் துடைத்தேன்.

ஜெபக்கனி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். அது அபூர்வம்.

"ஒங்க அப்பா தவறுனப்ப நீங்க எங்க இருந்தீங்க சார்?"

நயினார் சார் திகைத்துவிட்டார். எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. இதைப் போய் இப்போது கேட்பாளா?

"மதுரையில. பேப்பர் திருத்தப் போயிருந்தேன்."

"எப்படி சேதி வந்துச்சு?"

"மாமா போன் பண்ணுனாரு. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, பயப்படாத, சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போன்னாரு."

"நீங்க என்ன நெனச்சிய?"

நயினார் சார் குரல் இறங்கிவிட்டது.

"அப்பவே தெரிஞ்சுபோச்சு மேடம். பயப்படாதன்னு சொன்னாரே. பஸ்ல நாலு மணி நேரம் நின்னுக்கிட்டே வந்தேன். இருக்காரா இல்லையான்னு யார்ட்ட கேக்க? அந்த நாலு மணி நேரத்தை நெனச்சா இன்னமும் மாமா மேல கோவம் வரும்."

"ஊர்ல மத்தவங்களுக்கு எப்படி துட்டிச் சேதி சொன்னாவ?"

"அதுக்கு ஆள் போவும்லா. வீட்டு வாசல்ல நின்னு, 'கணபதியா பிள்ளை தவறிட்டாரு, நாலு மணிக்கு எடுக்காவ'ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவான். உக்காரக்கூட மாட்டான்."

"அதைக் கேட்டுட்டு யாராவது வராம இருந்தாவளா?"

"எப்படி வராம இருப்பாவ? எல்லாரும் வந்தாவ. என்னைத் தவிர எல்லாரும் நேரத்துக்கு வந்தாவ."

"மாமா கெட்டவரா சார்?"

"சேச்சே. தங்கமான மனுஷன். அவருக்கு அதை வாயால சொல்ல முடியல. அவ்வளவுதான்."

ஜெபக்கனி நாற்காலியைப் பழையபடி திருப்பிக்கொண்டாள்.

*

நயினார் சாருக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் எங்களை எல்லாம் கூட்டிவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். தலைப்பு வரி என்றால் என்ன, அதில் எதை எழுதணும், எதை எழுதக்கூடாது. கையில் சாக்பீஸ் ஒன்றுதான் இல்லை. சுவரில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினார்: 'சின்ன மாற்றம் என்று எழுதாதீர்கள்.' போதாததற்கு, யாராவது அப்படி எழுதினால் ஏற்றுக்கொள்ளாதபடி நிரலையும் மாற்றினார்.

நாங்கள் 'மிதமான மாற்றம்' என்று எழுத ஆரம்பித்தோம்.

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! ரெண்டு நாள் எங்களோடு டீ குடிக்க வரவில்லை.

*

அது ஒரு சனிக்கிழமை. மணி மூன்று தாண்டியிருக்கும். நயினார் சார் சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷனுக்கு நெஞ்சு வலியோ என்று பயந்து ஓடினேன்.

முகம் வெளுத்திருந்தது.

"என்ன சார்?"

"பன்னிரண்டு" என்றார். "பகல் பன்னிரண்டு."

காலையில் அவர் நேரக் கணக்கில் ஒரு மாற்றம் செய்திருந்தார். அதில் பகல் பன்னிரண்டு மணி, இரவு பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. இப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த மாற்றம் மத்தியானமே புதிய பதிப்பில் சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. நாலு மணிக்கு வெளியிடும் பட்டனை அமுக்கினால் அந்தப் பதிப்பு எல்லா மையங்களுக்கும் போய்விடும். ஐந்து மணிக்கு ஞாயிற்றுக்கிழமைக்கான மெசேஜ்கள் கிளம்பும். பகல் பன்னிரண்டுக்கு வரவேண்டிய அத்தனை பேருக்கும், இரவு பன்னிரண்டுக்கு வரச் சொல்லி.

நாலைந்து ஊர்களில் ஆட்கள் ராத்திரியில் வந்து பூட்டிய கதவைத் தட்டுவார்கள். பகலில் அவர்களுக்கென்று வைத்த மெஷின் சும்மா கிடக்கும்.

"தங்கத்தாயம்மா இப்ப பகல் பன்னிரண்டு மணி ஷிப்ட்" என்றார் நயினார் சார்.

அந்த வாரம் அந்தப் பட்டன், எங்களோடு வேலை பார்க்கும் பாக்கியசெல்வன் கையில். போன மாதம் நடந்ததற்குப் பிறகு, பொறுப்பில் இருக்கும் ஒரே ஆள்தான் அமுக்கலாம், நிறுத்தலாம், வேறு யாரும் தொடக்கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். அவனோ அக்கா மகளுக்குக் காது குத்து என்று திருச்செந்தூர் பக்கம் குலதெய்வம் கோயிலில் இருந்தான். தாய்மாமன் அவன்தான், பிள்ளை அவன் மடியில். நாலு மணிக்குப் போனிலேயே அமுக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டோம். நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் போன் சத்தமா கேட்கும்? வாட்ஸாப்பில் போட்டோம். சொந்தக்காரர்கள் காதுகுத்துப் படங்களைக் கொட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் எங்கள் சேதி எந்த மூலையில் கிடந்ததோ.

"மெயில் பாப்பான்" என்றாள் ஜெபக்கனி. அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "அமுக்குறதுக்கு முன்னால அன்னைக்கு வந்த கமிட் மெயிலை ஒரு ஓட்டம் பாக்கணும்ங்கது விதி. பாப்பான். தப்பைச் சரிபண்ணிச் சேமிங்க சார். மெயில் தானா போவும்."

நயினார் சார் சரிபண்ணினார். ஒரே நிமிஷ வேலை. குறிப்பு எழுதும் கட்டம் திறந்தது. முதல் வரியை அடித்தார்.

'நேரக் கணக்கில் சிறு திருத்தம்.'

நான் சுவரைப் பார்த்தேன். பாவம், அவர் பார்க்கவில்லை. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி கையை நீட்டி, திரையில் 'சிறு' என்ற வார்த்தையின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள்.

நயினார் சார் அந்த விரலையே பார்த்தார். பிறகு வரி முழுவதையும் அழித்தார்.

'பகல் 12 மணி நேரக் குறைபாடு சரி செய்யப்பட்டது.'

"யாருக்கு எழுதுதிய?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும்தான் மேடம்."

"எல்லாரும் கிடக்கட்டும். பாக்கியத்துக்கு எழுதுங்க. மடியில பிள்ளை. காதுல மேளம். ஒத்தக் கையில போன். 'சரி செய்யப்பட்டது'ன்னு பாத்தா என்ன செய்வான்?"

"சரியாயிருச்சுன்னு நெனச்சு அமுக்கிருவான். மத்தியானம் கட்டுன பதிப்புல தப்பு அப்படியேல்லா இருக்கு."

"அவன் என்ன செய்யணும்?"

"அமுக்கக்கூடாது."

"அதை எழுதுங்க."

நயினார் சார் கையைக் கீ போர்டில் வைத்தார். எடுத்தார்.

"மேடம், இது முதலாளிக்கும் போவும். மையத்து டாக்டர்களுக்கும் போவும். காலையில மாத்துனது நான்தான்னு… இவங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நானு."

ஜெபக்கனி கீ போர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். எனக்குச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மாமாவுக்கு வாயில வரலேன்னு சொன்னேன்லா" என்றார் நயினார் சார், யாரிடமோ சொல்வதுபோல. "பாவம் மனுஷன்."

பிறகு ரெண்டு விரலால் அடித்தார்.

'பாக்கியம், அமுக்காதே. பகல் 12-ஐ இரவு 12 ஆக்கிவிட்டேன் - நயினார்'

சேமித்தார். மெயில் போயிற்று.

அதற்குக் கீழே முழு விவரமும் எழுதியிருந்தார். எங்கே தப்பு, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தது, அடுத்து என்ன செய்யணும். அந்த அவசரத்திலும் பத்தி பிரித்து, புள்ளி வைத்து. வாத்தியார் வாத்தியார்தான்.

நாங்கள் மூன்று பேரும் அவர் மேஜை மேலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் உட்காரவில்லை. கீழே பேக்கரியில் யாரோ தேங்காய் பன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணி நாலு அடித்தது. நயினார் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

போன் அடித்தது.

எடுத்ததும் மேளச் சத்தம் அறையெல்லாம் நிறைந்தது. பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதது.

"அண்ணாச்சி!" பாக்கியம் கத்தினான். "நிறுத்திட்டேன் அண்ணாச்சி! அமுக்கல!"

நயினார் சார் நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் அவருக்கு வாத்தியார் புத்தியும் திரும்பி வந்தது.

"தம்பி, உள்ள எல்லாம் வெவரமா எழுதியிருந்தேனே, முழுசா படிச்சியா?"

"உள்ளயா?" என்றான் பாக்கியம். "நான் தொறக்கவே இல்லையே அண்ணாச்சி."